ஆங்கில இலக்கணத்தில் எது விதி, எது யாரோ ஒருவரின் விருப்பம்?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்து விதிகளைப் பற்றிய கேள்வி. வாக்கியத்தைப் பிரிபொசிஷன் எனப்படும் முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது; 'டு' என்பதற்கும் அதை அடுத்து வரும் வினைக்கும் நடுவே வேறு சொல்லை நுழைக்கக் கூடாது; 'அண்ட்', 'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது; செயப்பாட்டுவினையைத் தவிர்க்க வேண்டும்; ஒரே ஒருவரைக் குறிக்க 'தே' என்று எழுதக் கூடாது. பள்ளியில் கற்றபடி இவை அனைத்தையும் கடைப்பிடித்து எழுதியும் உங்கள் கட்டுரை 'இயல்பாக இல்லை' என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் மதிக்கும் ஆங்கில எழுத்தாளர்களோ இந்த ஐந்தையும் தயங்காமல் மீறுகிறார்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, ஆங்கிலத்தில் ஒன்றை விதி என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, உண்மையான விதியை மற்றதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் என்று புரிந்துகொள்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலக் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் திருத்திக் கொடுப்பதும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவோருக்குப் பயிற்சி அளிப்பதும் என் தொழில். எனவே நான் சொல்வது கட்டுரை, அறிக்கை, கடிதம் போன்ற உரைநடைக்கே பொருந்தும். கவிதையிலும் புனைகதையிலும் மொழி வேறு கணக்கில் இயங்குகிறது. அங்கே தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

முதலில் அதிகாரத்தைப் பற்றி. பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஓர் அரசவைக் கழகம் உண்டு. ஆங்கிலத்திற்கு அப்படி ஒன்று இன்றுவரை அமையவில்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் மொழியைத் திருத்தி நிலைநிறுத்த ஒரு கழகம் வேண்டும் என்று எழுதினார், அது நடக்கவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியை வெளியிட்டபோது, வாழும் மொழியை மாறாமல் கட்டிவைக்க முடியும் என்ற தம் பழைய நம்பிக்கை பலிக்காது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். ஆகவே ஆங்கிலத்தில் ஒன்று விதி என்பதற்கு இறுதிச் சான்று, அந்த மொழியில் தேர்ந்தவர்கள் நிதானமாக எழுதும்போது என்ன செய்கிறார்கள் என்பது மட்டுமே. இது எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற உரிமை அல்ல. அவர்களில் ஒருவரும் மீறாத விதிகள் ஏராளம் உண்டு. அவை நீங்கள் குறிப்பிட்ட ஐந்தைவிட மிகக் கடுமையானவை. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. என் அனுபவத்தில் பயன்பட்ட ஓர் அடையாளம் உண்டு. யாரோ ஒருவரின் விருப்பமாகத் தொடங்கிய விதியைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் கிடைக்கும். உண்மையான விதிக்கு அப்படி ஒரு பிறந்த நாள் இருப்பதில்லை.

முன்னிடைச்சொல் விதியை எடுத்துக்கொள்வோம். இதன் கதை முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று 'இன்' கடைசியில் நிற்கும் அமைப்பு ஆங்கிலத்தில் மிகப் பழையது. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்திய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வரி ஒன்று 'ஃப்ரம்' என்ற சொல்லில் முடிவதைக் குற்றமாக எடுத்துக் காட்டினார். அதே பிழை தம் எழுத்திலும் இருப்பதை அண்மையில்தான் கவனித்ததாகவும் அங்கே எழுதினார். சொன்னதோடு நிற்கவில்லை. 1668இல் வெளியிட்டிருந்த, நாடகக் கலை பற்றிய தம் நூலை 1684இல் மீண்டும் பதிப்பித்தபோது, உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்தினார்: 'தி ஏஜ் ஐ லிவ் இன்' என்று இருந்தது 'தி ஏஜ் இன் விச் ஐ லிவ்' என்று மாறியது. தான் வாழும் காலத்தைப் பற்றிப் பேசும் ஒருவர் முதலில் இயல்பாக எழுதியதும், பிறகு கோட்பாட்டுக்காக மாற்றியதும் இரண்டு பதிப்புகளிலும் அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைக்கின்றன. அடுத்த நூற்றாண்டில், 1762இல், ராபர்ட் லௌத் என்ற சமய அறிஞர் ஓர் இலக்கணச் சிறுநூல் எழுதினார். இந்த வழக்கு பேச்சிலும் எளிய நடையிலும் பரவலாக உண்டு என்று ஏற்றுக்கொண்டு, உயர்ந்த நடைக்கு மற்றதே பொருத்தம் என்று மட்டும் சொன்னார். அவர் அதைச் சொன்ன வாக்கியத்தின் முதல் பகுதியே, நம் மொழி இந்த வழக்கின் பக்கம் வலுவாகச் சாய்கிறது என்ற பொருளில், 'இன்க்ளைண்ட் டு' என்று முன்னிடைச்சொல்லில்தான் முடிகிறது. 1795இல் லிண்ட்லி மர்ரே தம் இலக்கண நூலில் அதே கருத்தை எடுத்தாண்டபோது, அந்த 'டு' வாக்கியத்தின் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. மர்ரேயின் நூல் பல பதிப்புகள் கண்டு பல்லாயிரம் வகுப்பறைகளுக்குள் போயிற்று. லௌத்தின் பரிந்துரை பள்ளிக் கட்டளையாக இறுகியது இப்படித்தான். 1926இல் ஹென்றி ஃபவுலர் தம் பயன்பாட்டு அகராதியில் இதை வெளிப்படையாகவே மூடநம்பிக்கை என்று குறிப்பிட்டார். இந்த விதியைக் கேலி செய்து வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியதாக ஒரு வாசகம் எங்கும் உலவுகிறது. அது அவருடையது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது, ஆகவே அதை மேற்கோளாக யாருக்கும் காட்டாதீர்கள்.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவே சொல்லை நுழைப்பது பற்றிய தடைக்கு வயது இன்னும் குறைவு. இந்த அமைப்பு 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே காணப்படுகிறது; இடையில் அரிதாகி, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் பெருகியது. பெருகியபோதுதான் எதிர்ப்பும் வந்தது. 1864இல் கேன்டர்பரி தேவாலயத்தின் தலைமைக் குரு ஹென்றி ஆல்ஃபோர்ட், 'டு' தன் வினையோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதாகவே நாம் எப்போதும் கருதுகிறோம் என்று எழுதியது பரவலாகப் படிக்கப்பட்டது. இலத்தீனில் வினையெச்சம் ஒரே சொல், அதைப் பிளக்க இயலாது, அதைப் பார்த்து ஆங்கிலத்திலும் தடை விதித்தார்கள் என்று பல நூல்கள் காரணம் சொல்கின்றன. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆல்ஃபோர்ட் சொன்ன காரணம் ஆங்கில வழக்கே தவிர இலத்தீன் அல்ல. இந்த விளக்கத்தை ஓர் ஊகமாக மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது.

காரணம் எதுவாக இருந்தாலும் விளைவைப் பாருங்கள். 'ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் தி லெட்டர்' என்றால், கடிதம் அவருக்குக் கொஞ்சம் புரிந்தது, முழுமையாகப் புரியவில்லை என்று பொருள். தடைக்குப் பயந்து 'கம்ப்ளீட்லி' என்பதை 'டு'வுக்கு முன்னே நகர்த்தி 'ஹி ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு அண்டர்ஸ்டாண்ட்' என்று எழுதினால், கடிதம் அவருக்குத் துளியும் புரியவில்லை என்று பொருள் மாறிவிடுகிறது. ஒரு சொல்லின் இடம் மாறியதும் பாதி புரிந்தவர் ஒன்றும் புரியாதவராகிவிட்டார். 'கம்ப்ளீட்லி' என்பதை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே 'தி லெட்டர்' என்று செயப்படுபொருள் குட்டையாக இருப்பதால் அது நன்றாகவே பொருந்தும். செயப்படுபொருள் இரண்டு வரிக்கு நீளும்போது அந்த வினையடை தன் வினையைவிட்டு வெகுதூரம் போய்விடும்; வாசகர் அதை அருகிலிருக்கும் வேறொரு வினையோடு சேர்த்துப் படித்துவிடுவார். அப்போது நடுவில் நுழைப்பதே நேர்மையான வழி. நான் திருத்தும்போது பின்பற்றுவதும் இதுதான்: வேறிடத்தில் வைத்தாலும் பொருளும் ஓசையும் கெடாது என்றால் வேறிடம், கெடும் என்றால் தயங்காமல் நடுவில்.

'அண்ட்', 'பட்' என்று தொடங்கக் கூடாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதல் அதிகாரத்தில் பெரும்பாலான வசனங்கள் 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன. குழந்தைகள் 'பிறகு, பிறகு' என்று வாக்கியங்களைச் சங்கிலியாகக் கோப்பதைத் தடுக்க ஆசிரியர்கள் சொல்லி வைத்தது விதியாக வளர்ந்திருக்கலாம். அது என் அனுமானம். எண்ணக்கூடிய பொருள்களுக்கு 'லெஸ்' வராது, 'ஃபியூயர்' மட்டுமே வரும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அதுவும் இந்த வகைதான். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் இப்படிச் சொன்னால் அழகாக இருக்கும் என்று தம் தனிப்பட்ட விருப்பமாக எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த விருப்பத்தை மட்டும் கழற்றிவிட்டு மீதியைக் கட்டளையாக்கினார்கள். ஆனால் இது ஓரளவு நிலைபெற்றுவிட்டது. கவனமாக எழுதும் பலர் இதைப் பின்பற்றுவதால், எழுத்தில் நீங்களும் பின்பற்றுவதே நல்லது. ஒருவரின் விருப்பமாகப் பிறந்த விதி வழக்கால் உண்மையான விதியாக மாறவும் முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஒருவரைக் குறிக்கும் 'தே' பற்றித் தமிழர்களுக்கு விளக்குவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் வேலை, ஏனென்றால் நம் மொழியே அதற்குச் சான்றாக நிற்கிறது. 'அவர்' என்பது ஒரு காலத்தில் பலர்பாலுக்கு உரிய சொல். இன்று மரியாதை கருதி ஒரே ஒருவரைச் சொல்கிறோம். பலரைச் சொல்ல 'அவர்கள்' என்று மேலும் ஒரு விகுதி சேர்த்துக்கொண்டோம். ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஒருவரைப் பற்றிப் பேசவும் அந்த 'அவர்' நமக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் 'யூ' என்ற பன்மைச் சொல் 'தௌ' என்ற ஒருமையை மெல்ல விரட்டி, ஒருவருக்கும் பலருக்கும் பொதுவாகிவிட்டது. அதைத் தவறு என்று இன்று ஒருவரும் சொல்வதில்லை. யாரென்று தெரியாத ஒருவரைச் சுட்டும் 'தே'யும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் அது தாராளமாக உண்டு. 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூலார்தாம் 'ஹி' என்பதே இருபாலுக்கும் பொது என்று வலியுறுத்தினார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்று தனிச் சட்டமே இயற்றியது. இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடை வழிகாட்டி 2019 பதிப்பில் ஒருமைத் 'தே'யை ஏற்றுக்கொண்டது. இதில் உறுதியானது ஒன்று, உறுதியற்றது ஒன்று. 'எவ்ரிபடி', 'சம்ஒன்' போன்ற சொற்களுக்குப் பிறகு 'தே' வருவது பழைய, வலுவான வழக்கு. பெயரும் முகமும் தெரிந்த ஒரு குறிப்பிட்ட மனிதரை, அவர் விருப்பப்படி, 'தே' என்று சுட்டுவது புதிய வழக்கு. அது ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு தூரம் வேரூன்றும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

செயப்பாட்டுவினை பற்றிய அறிவுரைதான் இவற்றுள் அதிகம் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து, ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன். தமிழில் 'நாய் மனிதனைக் கடித்தது' என்பதை 'மனிதனை நாய் கடித்தது' என்று மாற்றினாலும் கடித்தது நாய்தான். 'ஐ' என்ற உருபு பொருளைக் காப்பாற்றிவிடுகிறது. ஆகவே எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அதை முன்னே வைக்கும் சுதந்திரம் நமக்கு உண்டு. ஆங்கிலம் தன் பழைய வேற்றுமை விகுதிகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அங்கே யார் கடித்தது என்பதைச் சொல்லின் இடமே தீர்மானிக்கிறது. அந்த இறுக்கத்துக்குள் இருந்தபடியே பேசுபொருளை முன்னே கொண்டுவர ஆங்கிலத்திடம் உள்ள முக்கியமான கருவிகளுள் ஒன்று செயப்பாட்டுவினை. ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் 1879 டிசம்பரில் ஒரு புயலில், ரயில் மேலே ஓடிக்கொண்டிருந்தபோது, இடிந்து விழுந்தது. அதை வடிவமைத்தவர் தாமஸ் பௌச். இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தமிழில் எழுதும்போது எனக்குச் சிரமமே இல்லை. 'அதை' என்று தொடங்கி, பேச்சைப் பாலத்திலேயே நிறுத்தி, புதிய செய்தியான பெயரைக் கடைசியில் வைத்துவிட்டேன். ஆங்கிலத்தில் அதையே 'இட் ஹாட் பீன் டிசைண்ட் பை தாமஸ் பௌச்' என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் இதே ஒழுங்கு கிடைக்கிறது. செய்வினைதான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், 'தாமஸ் பௌச் ஹாட் டிசைண்ட் இட்' என்று முன்பின் தெரியாத ஒருவர் வாக்கியத்தின் வாசலில் வந்து நிற்பார். பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாசகர் திடுக்கிட்டு அவரைப் பார்க்க வேண்டியிருக்கும். தெரிந்ததில் தொடங்கிப் புதியதில் முடிப்பது ஆங்கில உரைநடையின் ஆழமான ஒழுங்கு. உங்கள் பத்திகளில் வாக்கியத்துக்கு வாக்கியம் எழுவாய் தாவிக்கொண்டே இருப்பதற்கு, செயப்பாட்டுவினையை நீங்கள் முற்றாக விலக்கியதே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த அறிவுரையைப் பரப்பியவற்றில் முதன்மையானது வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் எழுதி, ஈ. பி. வைட் 1959இல் விரித்து வெளியிட்ட சிறுநூல். அதில் செய்வினை தரும் வலிமையைக் காட்டத் திருத்தப்படும் நான்கு வாக்கியங்களில் ஒன்றுதான் உண்மையில் செயப்பாட்டுவினை. மற்ற மூன்றும் 'தேர் வேர்', 'இட் வாஸ்' போன்ற தொடக்கங்களால் தளர்ந்து போனவை. அந்த நூலாசிரியர்கள் எதிர்த்த தளர்ச்சி உண்மையானது. தளர்ந்த வாக்கியத்தைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் செய்தவர் யார் என்பதை மறைக்கும் நோக்கத்தோடு எழுதப்படும் செயப்பாட்டுவினையையும், பேசுபொருளைக் காக்க எழுதப்படும் செயப்பாட்டுவினையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இனி யாரும் மீறாத விதிகள். 'எ லவ்லி ஸ்மால் ஓல்ட் ரவுண்ட் உட்டன் டேபிள்' என்று சொல்லலாம். அதே சொற்களைத் திருப்பிப் போட்டு 'எ உட்டன் ரவுண்ட் ஓல்ட் ஸ்மால் லவ்லி டேபிள்' என்று சொன்னால் ஆங்கிலம் பேசும் குழந்தைகூடச் சிரித்துவிடும். கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், எதனால் ஆனது என்ற வரிசையில் பெயரடைகள் நிற்கும். 'அழகான சின்னப் பழைய வட்ட மர மேசை' என்பதைத் தலைகீழாகச் சொல்லிப் பாருங்கள்; தமிழிலும் ஏறத்தாழ இதே ஒழுங்கு மறைந்திருப்பது காதுக்குத் தெரியும். இந்த வரிசை இருப்பது உறுதி. ஏன் இருக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 'பிக் பேட் வுல்ஃப்' என்ற தொடரில் அளவு முன்னும் கருத்து பின்னும் வருவது விதிக்கு முரண். 'டிக் டாக்', 'ஸிக் ஸாக்' போன்ற இரட்டைச் சொற்களில் இகரம் முந்தி, அகரமோ ஒகரமோ பிந்தும் ஓசை ஒழுங்கே இங்கும் வென்றது என்று சிலர் சொல்வார்கள். 'பேட்' என்பது அந்த ஓநாயின் வகையையே குறிக்கிறது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சாத்தியமே.

நம்மவர்கள் சறுக்கும் உண்மையான விதிகள் வேறிடத்தில் இருக்கின்றன. காலையில் எழுந்து ஈரமான தெருவைப் பார்த்து 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். கண்ணால் பார்க்காததை அடையாளத்தால் அறிந்தோம் என்பதை அந்த 'இருக்கிறது' அழகாகச் சொல்லிவிடுகிறது. அதையே 'இட் ஹாஸ் ரெயின்ட் யெஸ்டர்டே' என்று எழுதினால் அது பிழை. அதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தின் 'ஹாஸ்' இறந்த காலத்தை நிகழ்காலத்தோடு கட்டும் கயிறு. 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டிய கணமே அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. 'இட் ரெயின்ட்' என்றோ, ஊகத்தைச் சொல்ல வேண்டுமானால் 'இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட்' என்றோதான் எழுத வேண்டும்.

'எ', 'தி' என்னும் சுட்டிடைச்சொற்களும் அப்படித்தான். தமிழில் இவை இல்லை என்பதால் வராது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். முன்னதில் ஏதோ ஒரு புத்தகம். பின்னதில் நாம் இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். முன்னதுக்கு 'எ', பின்னதுக்கு 'தி'. இந்த உதவி செயப்படுபொருள் வரும் இடத்தில் மட்டுமே கிடைக்கும். ஆறுகளின் பெயருக்கு முன் 'தி' வரும், ஏரிகளின் பெயருக்கு முன் பெரும்பாலும் வராது என்பவற்றையெல்லாம் படித்துப் படித்துப் பழகுவதைத் தவிர வேறு வழி நான் கண்டதில்லை.

இப்போது நீங்கள் எடுத்துக்காட்டாக அனுப்பிய வாக்கியத்துக்கு வருகிறேன்: 'இட் இஸ் எ ப்ராப்ளம் ஆஃப் விச் வீ ஆர் ஆல் அவேர் அண்ட் அபவுட் விச் வீ ஹாவ் டிஸ்கஸ்ட் மெனி டைம்ஸ்.' முன்னிடைச்சொல் கடைசியில் நிற்கக் கூடாது என்பதற்காக 'ஆஃப்', 'அபவுட்' இரண்டையும் பிடித்து 'விச்' என்பதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். முதலாவது பிழையில்லை, விறைப்பாக மட்டும் இருக்கிறது. இரண்டாவது உண்மையான பிழை. 'டாக்' என்ற வினைக்கு 'அபவுட்' வேண்டும். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் வேண்டும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு மட்டும் கூடாது, ஏனென்றால் அது செயப்படுபொருளை நேரடியாக எடுத்துக்கொள்ளும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற தமிழ்த் தொடரின் 'பற்றி' அங்கே உள்ளே புகுந்துவிட்டது. நேராக 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதியிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருக்கக் கூடும்; 'அபவுட் விச்' என்று முன்னே கொண்டுபோனதால் அது வினையிலிருந்து பிரிந்து கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஒரு பொய்யான விதிக்குக் கீழ்ப்படியப் போய் உண்மையான விதி ஒன்று உடைந்தது. 'இட் இஸ் எ ப்ராப்ளம் வீ ஆல் நோ அபவுட் அண்ட் ஹாவ் டிஸ்கஸ்ட் மெனி டைம்ஸ்' என்று எழுதுங்கள். பதினெட்டுச் சொற்கள் பதின்மூன்றாகின்றன. 'அபவுட்' தனக்குரிய 'நோ'வின் பக்கத்தில் நிற்கிறது. 'டிஸ்கஸ்' சுமையில்லாமல் நிற்கிறது.

'இயல்பாக இல்லை' என்ற குறிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் கட்டுரையை முழுமையாகப் பார்க்காததால் இதை ஐயமாகவே சொல்கிறேன். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆங்கிலச் சொல்வளம் அடுக்கடுக்காகப் படிந்தது. வீட்டுப் பேச்சுக்கு உரிய பழைய சொல், பிரெஞ்சு வழி வந்த அவைச் சொல், இலத்தீனிலிருந்து நேரே எடுத்த ஏட்டுச் சொல் என்று ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் உண்டு. 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' மூன்றும் அரசனைச் சார்ந்தவை, ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் பொருந்துவதில்லை. 'ஆஸ்க்', 'க்வெஸ்சன்', 'இன்டெராகேட்' மூன்றும் கேட்பதுதான். கடைசிச் சொல்லைக் கேட்டதும் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. புத்தகத்தின் வழியே மொழியைக் கற்றவர்களுக்கு மேல் அடுக்குச் சொற்களே முதலில் கைக்கு வருகின்றன. 'பிகின்' போதும் என்ற இடத்தில் 'கமென்ஸ்', 'பை' போதும் என்ற இடத்தில் 'பர்ச்சேஸ்', 'யூஸ்' போதும் என்ற இடத்தில் 'யூட்டிலைஸ்' என்று எழுதுகிறோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரிதான். ஒரு பக்கம் முழுக்க அப்படியே இருந்தால், நண்பரிடம் பேசும்போது அரசாணையை வாசிப்பது போல ஆகிவிடும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், தேர்வு எழுதும்போது திருத்துபவர் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று நமக்குத் தெரியாது; ஆகவே அங்கே பொருள் கெடாத இடங்களில் பழைய தடைகளை மதித்துவிடுங்கள், அதனால் இழப்பு ஏதுமில்லை. பதிப்பாசிரியருக்கு எழுதும்போது அவர்களுடைய நடை வழிகாட்டி எது என்று கேட்டுப் பெறுங்கள். ஐயம் வரும்போது என்னைப் போன்ற ஒருவரின் சொல்லை மட்டும் நம்பாமல், உண்மையான எழுத்துகளின் தொகுப்பில் தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் 1990களின் தொடக்கம்வரை சேர்த்த பத்துக் கோடிச் சொற்கள் இருக்கின்றன. அமெரிக்க ஆங்கிலத்துக்கு அதைவிடப் பன்மடங்கு பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. இணையத்தில் இரண்டையும் தேட முடியும். 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று தேடிவிட்டு, அடுத்து 'டிஸ்கஸ்ட் தி' என்று தேடுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்தபின் அந்தப் பிழை உங்களுக்கு மீண்டும் வராது. ஆனால் தொகுப்பில் ஒன்றிரண்டு இடங்களில் இருப்பதாலேயே ஒரு தொடர் சரியாகிவிடாது. யார் எழுதியது, எந்த இடத்தில் என்றும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டுரையை மறுபடி அனுப்புவதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். 'ஆஃப் விச்', 'அபவுட் விச்', 'டு விச்' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அந்த முன்னிடைச்சொல்லை அதன் வினைக்கு அருகே திருப்பி வைத்துப் பாருங்கள். அங்கே அது பொருந்தி நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். நிற்க இடமே இல்லையென்றால், அந்த வினைக்கு அது தேவையே இல்லை.